கேமிங் கணினியில் 5.1 ஒலி: ஆப்டிகலா, எச்டிஎம்ஐயா?

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஆறு சேனல் சூழ்ஒலி. அதைக் கணினியிலிருந்து, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குக் கொண்டுசெல்ல மூன்று வழிகள் உள்ளன: மதர்போர்டின் ஆப்டிகல் அவுட், கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ, பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிற அனலாக் ஜாக்குகள். முதல் இரண்டையும் பயன்படுத்திய பின் நான் எச்டிஎம்ஐயில் நிலைத்துவிட்டேன். கேபிள் விலையோ ஒலித்தரமோ அதற்குக் காரணமில்லை. விளையாட்டு ஒலி உருவாகும் விதம்தான் காரணம்.

ஆப்டிகல் கேபிளில் செல்லும் எஸ்/பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்பு, சுருக்கப்படாத ஒலியாக இரண்டு சேனல்களை மட்டுமே கடத்தும். ஆறு சேனல்கள் போக வேண்டுமென்றால் அவை டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்ற சுருக்க வடிவத்தில் முன்பே சுருக்கப்பட்டிருக்க வேண்டும். டிவிடி படத்தில் அந்த வேலை வட்டு தயாரானபோதே முடிந்துவிடுவதால், பிளேயர் அதை அப்படியே ரிசீவருக்குத் தள்ளிவிடுகிறது. விளையாட்டிலோ, எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்பதைப் பொறுத்து ஒலி அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. அதை ஓடும்போதே சுருக்கித் தர டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் என்ற வசதி தேவை. 2001-இல் வந்த என்விடியாவின் சவுண்ட்ஸ்டார்ம் என்ற மதர்போர்டு ஒலி வசதி இதைச் சிப்பிலேயே செய்தது. அதன்பின் வந்த மதர்போர்டுகளில் இது பெரும்பாலும் டிரைவர் மென்பொருள் வழியாகச் செய்யப்படும் வேலை. உற்பத்தியாளர் உரிமக் கட்டணம் செலுத்தியிருந்தால்தான் கிடைக்கும். ஒரே ரியல்டெக் ஒலிச் சிப் இருந்தும் ஒரு போர்டில் இந்த வசதி இருப்பதும் இன்னொன்றில் இல்லாமல் போவதும் இதனால்தான்.

இங்கே பலரைக் குழப்புவது விண்டோஸின் ஒலி அமைப்புப் பக்கம். அதில் டால்பி டிஜிட்டல் என்ற வரிக்கு எதிரே உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலி கேட்கும். ரிசீவரின் முகப்பிலும் டால்பி என்றே தெரியும். ஆனால் அந்தச் சோதனை ஒலி முன்பே சுருக்கி வைக்கப்பட்டது. விளையாட்டைத் தொடங்கியதும் முகப்பில் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி; இங்கே இரண்டு சேனல் மட்டும்) என்று மாறி, பின்பக்க ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். ரிசீவர் புரோலாஜிக் முறையில் ஸ்டீரியோவை விரித்துக் கொடுத்தால், ஒலி பின்னாலிருந்தும் வருகிறதே என்று பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள்; அது உண்மையான 5.1 அன்று.

வசதி உள்ள போர்டு வாங்கினாலும் பராமரிப்புச் சுமை தீராது. விண்டோஸ் தானாகப் பொதுவான டிரைவரை ஏற்றும்போது உரிமத்தோடு வந்த பகுதி காணாமல் போகலாம். போர்டு நிறுவனத்தின் பழைய டிரைவரைத் தேடி மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும். தாமதமும் உண்டு: டால்பி டிஜிட்டலின் ஒரு சட்டகம் (ஒரே தொகுப்பாகச் சுருக்கப்படும் ஒலித்துண்டு) 1536 மாதிரிகள் கொண்டது, 48 கிலோஹெர்ட்ஸில் அதைச் சேர்த்துக்கொள்ளவே 32 மில்லிவிநாடி ஆகிவிடும். படம் பார்ப்பவருக்கு இது பொருட்டில்லை, துப்பாக்கிச் சண்டை ஆடுபவருக்குப் பொருட்டுதான்.

எச்டிஎம்ஐயில் இந்தச் சிக்கல் எதுவும் எழுவதில்லை. எட்டு சேனல் வரை சுருக்காத பிசிஎம் ஒலி நேராகச் செல்கிறது. ஸ்பீக்கர் அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் போதும். உரிமமும் வேண்டாம், சுருக்கி விரிக்கும் வேலையும் இல்லை. இதன் தொல்லை வேறு வகையானது. மானிட்டரைத் தனியே இணைத்து, ரிசீவருக்கு மட்டும் இரண்டாவது கேபிள் இழுத்தால், விண்டோஸ் ரிசீவரையும் ஒரு திரையாகக் கருதும். மவுஸ் அம்பு கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரைக்குள் போய் மறையும். அந்தத் திரையைத் துண்டித்தால் ஒலியும் நின்றுபோகும். திரை அமைப்பில் அதை மானிட்டரின் ஒரு மூலையை மட்டும் தொடும்படி குறுக்காக நகர்த்தி வைத்தால் அம்பு தவறிப்போவது ஏறக்குறைய நின்றுவிடும். இரு திரைகளிலும் ஒரே படம் என்ற தேர்வு எளிதுதான், ஆனால் மானிட்டரின் புதுப்பிப்பு வேகம் ரிசீவரின் அளவுக்கு இறங்கக்கூடும்.

ஆப்டிகலுக்கு ஒரு நியாயமான சாதகம் உண்டு: ஒளியாகச் செல்வதால் கிரவுண்ட் லூப் இரைச்சல் (கருவிகளின் மின் தரை இணைப்புகள் வழியே வரும் முனகல்) அந்த வழியே வராது. அனலாக் ஜாக்குகளில் அந்த உறுதி இல்லை, ஆனாலும் அவற்றில் உரிமமும் சுருக்கத் தாமதமும் கிடையாது. அவ்வழியை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை என்பதால் அதன் ஒலித்தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எச்டிஎம்ஐ இல்லாத பழைய ரிசீவர் வைத்திருப்பவர், போர்டின் விவரப் பட்டியலில் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் என்ற பெயர் வெளிப்படையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். இல்லாவிட்டால், ரிசீவரில் ஆறு சேனல் அனலாக் உள்ளீடு இருக்கும்பட்சத்தில் மூன்று கேபிள்களால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.