அரிவாள் செல்லா, டஃபியா: சென்னைக்கு எது?

சென்னையில் மலேரியா என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகைதான். மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசுவின் வேலை. பிறவியிலேயே மலேரியாவிலிருந்து காக்கும் மரபணுக் கவசங்களில் அரிவாள் செல், டஃபி இல்லாமை இரண்டில் எது இந்த ஊருக்குத் தோது?

சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா வந்தாலும் உயிருக்கு ஆபத்தாக முற்றுவது வெகுவாகக் குறையும். ஆனால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ரத்தசோகையும் வலியும். நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பதை 1952-லேயே கண்டார்கள். வைவாக்ஸுக்கு இதை நம்ப முடியாது.

டஃபி வேறு கதை. சிவப்பணுவின் மேல் டஃபி என்ற புரதம் இல்லாவிட்டால் வைவாக்ஸ் உள்ளே நுழையக் கதவே இல்லை (சில விதிவிலக்குகள் இப்போது தெரியவந்திருக்கின்றன). அதற்குப் பெரிய விலையும் கொடுக்க வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான். என்ன செய்ய, மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களிடம்தான் டஃபி இல்லாமை பரவல், நம்மிடம் அபூர்வம்.