டெல்லி–மணாலி பேக்கேஜ்: முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

இந்த சீசனில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு டெல்லி, மணாலி என்று ஒரு வாரம் சுற்றிவரக் கிளம்புகிறவர்கள், முக்கியமாக தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் போய் இறங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நியூ டெல்லி ஸ்டேஷனைச் சுற்றி 'டூரிஸ்ட் ஆபீஸ்' என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் பஸ், ஹோட்டல், டாக்ஸி எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகப் பேசி முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். விலை கூடப் போடுவார்கள் என்பது சின்ன விஷயம். பணம் முழுக்க டெல்லியில் போய்விட்டால் அதற்கப்புறம் வழியில் வருகிற பஸ்காரர், டிரைவர், ஹோட்டல்காரர் யாரிடம் எதைக் கேட்டாலும் "அது எனக்குத் தெரியாது, டெல்லியில கேளுங்க" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். டெல்லியிலோ போனை எடுக்க மாட்டார்கள்.

போன ஜூனில் நானும் என் சித்தப்பா மகனும் போனோம். ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இறங்கி பஹார்கஞ்ச் பக்கம் போக நடைமேம்பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் ஆள் "அண்ணா, சென்னையா?" என்று பக்கத்தில் வந்தார். மதுரை என்றோம். மணாலி போகிறோம் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. சீசன் நேரம், அரசு பஸ் வெள்ளிக்கிழமை வரை ஃபுல், ஆன்லைனில் காட்டுவதை நம்பாதீர்கள், பக்கத்திலேயே கவர்ன்மென்ட் டூரிஸ்ட் ஆபீஸ் இருக்கிறது, அங்கே கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். தனக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்று சொல்லி பேட்டரி ரிக்‌ஷாவில் ஏற்றியும் விட்டார்.

அந்த ஆபீஸில் சுவர் முழுக்க இந்திய வரைபடம், தேசியக்கொடி, பார்த்தால் அரசு முத்திரை மாதிரியே ஒரு சின்னம். உள்ளே இருந்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "வாங்க சார், திருச்சியில வேலை பார்த்திருக்கேன், உங்க ஊர் சாப்பாடு மாதிரி வராது" என்று டீ வரவழைத்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே கஷ்மீரி கேட் பஸ் நிலையத்துக்கு என்று சொல்லி ஒரு நம்பருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எதிர்முனையில் ஒருவர் இந்தியில், வெள்ளிக்கிழமை வரை சீட்டே இல்லை என்றார். அந்த போன் எங்கே போனது என்று அந்த ஆபீஸுக்குத்தான் தெரியும். அன்று ராத்திரி லாட்ஜில் தம்பி ஹிமாசல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தளத்தைத் திறந்து பார்த்தான். மறுநாள் வால்வோவில் சீட் இருந்தது. அவன் மொபைலை என்னிடம் நீட்டி, "அண்ணே, இத பாருங்கண்ணே" என்று சொன்னதோடு பேச்சு நின்றுபோனது.

அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது. ஆளுக்கு 13,500 ரூபாய். டெல்லியில் ஒரு நாள் கார், மணாலிக்குப் போக வர 'வால்வோ ஏசி' பஸ், மால் ரோடு பக்கத்தில் மூன்று ராத்திரி ஹோட்டல், ரோஹ்தாங் கணவாய், சோலாங் பள்ளத்தாக்கு சுற்றிப்பார்க்க டாக்ஸி. பில் என்று தந்தது ஒரு வவுச்சர். அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது. யுபிஐயில் பணம் போனது கம்பெனிக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு.

அவர்கள் போட்டுக்கொடுத்த கால அட்டவணையைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். திங்கட்கிழமை டெல்லி சுற்றிப்பார்ப்பது, அன்று இரவே பஸ், செவ்வாய்க்கிழமை ரோஹ்தாங். டெல்லியில் செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ரோஹ்தாங் சாலை செவ்வாய்க்கிழமைகளில் பராமரிப்புக்காக சுற்றுலா வண்டிகளுக்கு மூடப்படும். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. மூடியிருக்கும் நாளைப் பார்த்து விற்றால் இடத்தைக் காட்ட வேண்டிய செலவு மிச்சம், 'அதுக்குப் பதிலா வேற இடம்' என்று தனியாகக் காசும் கேட்கலாம்.

திங்கட்கிழமை கார் டிரைவர் செங்கோட்டையை வெளியிலிருந்தே காட்டினார். குதுப் மினார் திறந்திருந்தது, 73 மீட்டர் உயரக் கல்தூணைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம், அங்கே அரை மணி நேரம்தான் தந்தார். ஹுமாயூன் கல்லறைக்கு நேரமில்லையாம். ஆனால் கம்பளக் கடையில் ஒரு மணி நேரம், சால்வைக் கடையில் ஒரு மணி நேரம், மசாலாக் கடை ஒன்று. "வாங்க வேண்டாம், சும்மா பாத்துட்டு வாங்க, எனக்கு டீசல் கூப்பன் கிடைக்கும்" என்று கெஞ்சினார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேக்கேஜ்காரர் அவருக்குக் கொடுத்த கூலி என்னவென்று சொன்னார், அந்த வெயிலுக்கு அது அநியாயம். உண்மையில் டெல்லி சுற்ற இவர்கள் யாருமே தேவையில்லை. செங்கோட்டை வாசலுக்கே லால் கிலா மெட்ரோ நிலையம் இருக்கிறது, குதுப் மினாருக்கு மஞ்சள் லைன், தாமரைக் கோயிலுக்கு கால்காஜி மந்திர் நிலையம்.

இரவு பஸ் மஜ்னு கா டீலாவிலிருந்து. ரோட்டோரத்தில் புழுதிக்குள் பைகளை வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள், எந்த பஸ் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தது வால்வோ இல்லை, சாய்க்க முடியாத சீட்டுள்ள பழைய பஸ். எங்கள் சீட் எண்ணே ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கும் தரப்பட்டிருந்தது. கைக்குழந்தையோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்ததால் தம்பி எழுந்து டிரைவர் கேபினுக்குப் போய்விட்டான். டிக்கியில் பை வைக்கத் தனிக் காசு. ஏசி அம்பாலா தாண்டியதும் நின்றது. காலையில் குல்லுவில் எல்லோரையும் இறக்கி, இனிமேல் இந்த பஸ் போகாது, வேன் வரும் என்றார்கள். குல்லுவிலிருந்து மணாலி இன்னும் 40 கிலோமீட்டர். வேன் வந்தது, அதற்கும் ஆளுக்கு 150 ரூபாய் கேட்டார்கள். வவுச்சரைக் காட்டினால், "டெல்லியில கேளுங்க."

மணாலியில் டாக்ஸி டிரைவர் காத்திருந்தார். ரோஹ்தாங் என்றதும் கையை விரித்தார். இன்று செவ்வாய், சாலை மூடியிருக்கிறது, தவிர உங்கள் பெயரில் யாரும் பர்மிட் எடுக்கவில்லை என்றார். பர்மிட் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 3,978 மீட்டர் உயரத்திலிருக்கும் அந்தக் கணவாய்க்கு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி ஒரு நாளைக்கு 1,200 சுற்றுலா வண்டிகளுக்குத்தான் அனுமதி, பெட்ரோல் 800, டீசல் 400. வண்டி எண்ணோடு முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும், குலாபா சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். ஆகவே, எந்த வண்டி என்று தெரியாமல் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு "ரோஹ்தாங் இன்க்ளூடட்" என்று ஒருவர் சொன்னால், பர்மிட் இனிமேல்தான் எடுக்க வேண்டும், எடுப்பாரா என்பதும் நிச்சயமில்லை.

அதற்குப் பதிலாக அடல் சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் இருக்கும் சிஸ்ஸு கிராமத்துக்குக் கூட்டிப்போகிறேன், 3,500 ரூபாய் கூடுதல் என்றார். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் சுரங்கம் அது. அதன் வழியாகப் போக பர்மிட்டே வேண்டாம், ரோஹ்தாங் கணவாயில் ஏறும் வேலையும் கிடையாது. பேசிப் பேசி 2,500க்கு ஒத்துக்கொண்டார். போகிற வழியில், எண் போட்ட கோட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, பனிக் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே போலீஸ் விடாது என்று அடித்துச் சொன்னார். அப்படி ஒரு விதியும் கிடையாது. ஜூன் மாதத்தில் சிஸ்ஸு பச்சைப் பசேலென்று இருந்தது, சந்திரா ஆற்றுக்கு அந்தப் பக்கம் அருவி விழுந்துகொண்டிருந்தது, வெயில் அடித்தது. நாங்கள் இருவரும் வேர்வையில் நனைந்த அந்த நீலக் கோட்டைக் கையில் சுமந்துகொண்டு நின்றோம். பனி பார்க்க வேண்டும் என்றால் கோட்டு எங்கே தேவைப்படும், எங்கே படாது என்று முதல் நாளே தங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான அடி சாயங்காலம் ஹோட்டலில் விழுந்தது. மால் ரோடு பக்கம் என்றது பொய், ஊருக்கு வெளியே ஆற்றோரச் சரிவில் இருந்தது, அறைச் சுவரில் ஈரம் ஊறி பெயின்ட் உரிந்திருந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மேனேஜர் ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்துக் காட்டினார். டெல்லியிலிருந்து ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் பணம் வந்திருந்தது. மீதி இரண்டு ராத்திரிக்கு நாங்கள் கட்ட வேண்டும், இல்லை காலையில் காலி பண்ண வேண்டும். டெல்லிக்கு போன் போட்டோம். திருச்சி சாப்பாட்டைப் புகழ்ந்த அதே குரல், "நீங்க இப்ப கட்டிருங்க சார், நான் சாயங்காலமே ஜீபே பண்ணிடறேன்" என்றது. அதற்குப் பிறகு என் நம்பர், தம்பி நம்பர் இரண்டையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

ஒன்று நல்லதாக நடந்தது. அந்த மேனேஜர் நேர்மையான மனிதர். தம்பி தனக்குத் தெரிந்த இந்தியில் நிலைமையை விளக்கியதும், ஹோட்டல் லெட்டர்ஹெட்டிலேயே எழுதிக் கொடுத்தார்: இன்ன ஏஜென்சியிடமிருந்து இன்ன தேதிக்கு ஒரு ராத்திரி கட்டணம் மட்டுமே வந்தது என்று, கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு. "இதே ஆள் இந்த மாசத்திலேயே வேற ஆளுங்களுக்கும் இப்படிப் பண்ணிட்டான்" என்றார்.

மறுநாள் காலையில் பேக்கேஜைக் கைகழுவிவிட்டு ஓல்ட் மணாலிக்குப் போனோம். ஒரு பாட்டி நடத்தும் வீட்டில் மாடி அறை, வவுச்சரில் போட்டிருந்த ஒரு ராத்திரி வாடகையில் பாதிகூட இல்லை. தேவதாரு மரங்களுக்கு நடுவே 1553இல் கட்டிய ஹடிம்பா கோயில், வசிஷ்டில் வெந்நீர் ஊற்று, அங்கிருந்து ஜோகினி அருவி வரை நடை. நக்கருக்கு லோக்கல் பஸ்ஸிலேயே போய்வந்தோம். எல்லாம் எங்கள் காலாலும் அரசு பஸ்ஸாலும் நடந்தது. ஊர் திரும்பியது அரசு வால்வோவில், நேராக கஷ்மீரி கேட்டுக்கு. சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது, சீட் நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான்.

நீங்கள் போவதாக இருந்தால் டெல்லி–மணாலி பஸ்ஸை ஊரிலிருந்தே ஹிமாசல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஹிமாசல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பஸ்ஸும் இருக்கிறது, மண்டி ஹவுஸ் பக்கத்திலுள்ள ஹிமாசல் பவனில் கேளுங்கள். டெல்லியில் மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் என்றால் 88, ஜன்பத். ஸ்டேஷன் பக்கத்தில் யார் எந்த போர்டைக் காட்டினாலும் இந்த முகவரி இல்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். ஹோட்டலுக்கு முதல் ராத்திரி மட்டும் முன்பணம், மீதி அறையைப் பார்த்த பிறகு. மணாலியில் டாக்ஸி யூனியனின் கட்டணப் பலகை இருக்கிறது, அதைப் படம் பிடித்துக்கொண்டு பேசுங்கள். ரோஹ்தாங் போயே ஆக வேண்டும் என்றால் பர்மிட்டின் பிரிண்டைக் கையில் வாங்கி, வண்டி எண்ணும் தேதியும் சரியா என்று பார்த்த பிறகுதான் பணம்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் சும்மா விட்டுவிடாதீர்கள். நான் ஊர் வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். யுபிஐ ரசீது, வவுச்சர், வாட்ஸ்அப் பேச்சு, வேனுக்குக் கொடுத்த காசு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த லெட்டர்ஹெட் கடிதம். டெல்லிக்காரருக்கு எதிராக டெல்லியில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. அப்படிப் போடப் போகிறேன் என்று கடிதத்தின் நகலோடு பதிவுத் தபால் அனுப்பிய பிறகுதான் டெல்லியிலிருந்து போன் வந்தது. இரண்டு ராத்திரி ஹோட்டல் பணமும் திரும்பி வர நாங்கள் ஏறாத பஸ்ஸின் டிக்கெட் பணமும் கணக்கில் ஏறியது. ரோஹ்தாங்குக்கு வாங்கியதையும் திங்கட்கிழமை காருக்கு வாங்கியதையும் தர மாட்டேன் என்கிறார்கள். அதற்கான மனு மதுரையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி ஸ்டேஷன் பாலத்தில் பிடித்து அழைத்துப்போய் விற்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால் உங்கள் வவுச்சரையும் யுபிஐ ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், மனுவில் சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்.