கிண்டி மான்கள்: பிடித்து மாற்றுவதா, புல்வெளியை மீட்பதா?

கிண்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர்தான், சுற்றிலும் சென்னை. புலி, சிறுத்தை கிடையாது. புள்ளிமான் பெருகினால் என்ன செய்வது?

பிடித்து வேறு காட்டில் விட்டால் எண்ணிக்கை உடனே குறையும், சரி. ஆனால் விரட்டிப் பிடிக்கும்போது மிரண்டு ஓடும் மானின் தசைகள் சிதைந்துபோகலாம். உடம்பில் ஒரு காயமும் தெரியாது. வண்டியிலோ, விட்ட சில நாட்களிலோ செத்துப்போகலாம். அப்புறம், மிஞ்சிய மான்கள் தாராளமாக மேய்ந்து மறுபடியும் பெருகும்.

இன்னொரு வழி, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்துப் புல்வெளியைத் திறந்து வைப்பது. இதனால் புள்ளிமான் குறைந்துவிடாது. ஆனால் இதே பூங்காவில் வாழும் இன்னொரு வகையான வெளிமான் பிழைக்கும். புதர் மண்டினால் புள்ளிமான் சமாளித்துக்கொள்ளும். எதிரியைத் தொலைவிலேயே பார்த்து ஓடிப் பழகிய வெளிமானுக்கு வெட்டவெளி வேண்டும். வேலை சீக்கிரம் முடியாது. அடிக்கட்டை மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும், கருவேல நெற்றைத் தின்னும் மான்களே சாணத்தோடு விதையையும் பரப்பும். ஆண்டுதோறும் ஆளும் பணமும் ஒதுக்கியாக வேண்டும்.

அப்படியும் என் ஓட்டு புல்வெளிக்கே. பிடிப்பதை, சுவர் தாண்டிச் சாலையில் மாட்டிக்கொண்ட மானை மீட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.