அறிக்கை அனுமதி கேட்கும் மெயில்களுக்குத் தானியங்கிப் பதில்: குன்னூர் தேயிலை அலுவலகத்திலிருந்து ஓர் அனுபவம்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு தேயிலைக் குழும அலுவலகத்தில் அறிக்கைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கும் எங்கள் ஃபேக்டரிகளின் இலை வரத்து, அவுட்டர்ன் (பச்சை இலையிலிருந்து எவ்வளவு தேயிலைத் தூள் கிடைத்தது என்ற கணக்கு), கிரேடுவாரி இருப்பு, ஏல விலை எல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐ-யில் இருக்கின்றன. அறிக்கை செய்வது பாதி வேலைதான். "எனக்கு ஓப்பன் ஆகலை" என்பவர்களுக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை, வேலைகளைத் தானாகச் செய்யும் மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட்டிடம் ஒப்படைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அனுமதி இல்லாதவர் அறிக்கையின் லிங்கைத் தட்டினால் 'ரிக்வெஸ்ட் ஆக்ஸஸ்' பொத்தான் வரும். அழுத்தினால் உரிமையாளருக்கு மெயில் போகும். காரணம் எழுத ஒரு பெட்டியும் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றால் யார் எழுதப்போகிறார்கள்? 'அர்ஜென்ட்' என்று இருக்கும், இல்லாவிட்டால் காலியாக இருக்கும். மெயில் குவிவதற்கும் ஒரு நேரம் உண்டு. ஏல விவரம் வெளிவந்த மறுநாளும், தேயிலை வாரியம் அந்த மாதத்துப் பச்சைத் தேயிலை விலையை அறிவித்த கையோடும் வரிசை கட்டும்.

அமைப்பு பெரிய வித்தையெல்லாம் இல்லை. அறிக்கைகளின் உரிமையாளராக ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. அதற்கு வரும் கோரிக்கை மெயிலை அவுட்லுக் விதி ஒன்று ஷேர்டு மெயில்பாக்ஸுக்குத் திருப்பிவிடும். இங்கே 'ஃபார்வர்டு' வேண்டாம், 'ரீடைரக்ட்' போடுங்கள். ஃபார்வர்டு செய்தால் அனுப்புநர் மாறிவிடும், பிறகு ஃப்ளோவில், அதாவது பவர் ஆட்டோமேட்டில் நாம் அமைக்கும் தானியங்கிப் படிவரிசையில், அனுப்புநரை வைத்து வடிகட்ட முடியாது. கோரிக்கை வருவது பவர் பிஐ-யின் நோ-ரிப்ளை முகவரியிலிருந்து என்பதால் அதற்கே பதில் போட்டும் பயனில்லை. கேட்டவரின் முகவரி மெயிலின் உடலுக்குள் இருக்கும். 'எச்டிஎம்எல் டு டெக்ஸ்ட்' என்ற படியில் மெயிலை வெறும் எழுத்தாக்கி, ஸ்ப்ளிட் செய்து (துண்டுகளாகப் பிரித்து) முகவரியை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த முகவரிக்குப் பதில் மெயில். ஒரு மதிய நேரத்தில் முடித்துவிடலாம்.

அதைவிட அதிக நேரம் பதிலின் வாசகத்துக்குத்தான் போனது. இந்தப் பகிர்வை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். முதலில் இருந்தது வழக்கமான ஆங்கில வாசகம்: உங்கள் கோரிக்கை கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது, அவ்வளவுதான். மஞ்சூர் பக்கத்து டீ மேக்கர் (ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) ஒருவர் அது கிடைத்த கையோடு போன் செய்தார்: "தம்பி, மெயில் வந்திருக்கு. அப்போ ஓப்பன் ஆகிடும்ல?" மெயில் வந்தாலே அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டவர் அவர் மட்டும் இல்லை. பதில் போகப் போக போன்கள் கூடின. இப்போது போகும் வாசகம் இது:

"வணக்கம். அறிக்கை பார்க்க நீங்கள் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். இது அனுமதி மெயில் இல்லை. கீழே உள்ள படிவத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எந்த ஃபேக்டரி, எந்த அறிக்கை, எதற்காக. நிரப்பி அனுப்பினால் உங்கள் மேனேஜருக்குப் போகும். அவர் சரி என்றதும் உங்களுக்கு இன்னொரு மெயில் வரும். புதிதாக லைசென்ஸ் தேவைப்பட்டால் அதன் செலவு உங்கள் ஃபேக்டரி கணக்கில் ஏறும்."

இதற்குக் கீழே அதே விஷயம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. 'இது அனுமதி மெயில் இல்லை' என்ற வரிதான் போன்களை நிறுத்தியது. கடைசி வரி செய்தது இன்னும் பெரிய வேலை. வேடிக்கைக்கு லிங்கைத் தட்டியவர்கள், யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதால் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் செலவு என்ற சொல்லைப் பார்த்ததும் படிவத்தைத் தொடுவதே இல்லை. தேவை உள்ளவர் மட்டும் நிரப்புகிறார். பயமுறுத்த எழுதிய வரி என்று நினைக்காதீர்கள். பிரீமியம் கெப்பாசிட்டியோ எஃப்64-ஓ (நிறுவனம் மொத்தமாக வாங்கும் பெரிய திட்டங்கள்) இல்லாத நிறுவனத்தில், அறிக்கையைப் பார்க்க மட்டும் செய்பவருக்கும் ப்ரோ லைசென்ஸ் வேண்டும். அதன் விலையும் 2025 ஏப்ரலில் மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலருக்கு ஏறியது.

படிவம் வந்ததும் ஃப்ளோ அதை அந்தந்த மேனேஜருக்கு அப்ரூவலாக அனுப்பும். டீம்ஸிலோ அவுட்லுக்கிலோ அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சரி என்றால் ஆள் அந்த ஃபேக்டரியின் செக்யூரிட்டி குரூப்பில் (அனுமதி உள்ளவர்களின் குழு) சேர்க்கப்படுவார். இதற்கு ஐடி அட்மினின் ஒப்புதல் வேண்டும், அது முன்கூட்டியே வாங்கவேண்டிய விஷயம். கோரிக்கை மெயிலிலிருந்தே நேரடியாக அனுமதி கொடுக்கவும் வழி இருக்கிறதே என்று கேட்கலாம். கொடுத்தால் ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியாக ஏறும். ஒருவர் மாறுதலாகிப் போன பிறகு அவருக்கு எங்கெங்கே அனுமதி இருந்தது என்று தேடுவதற்குள் விடிந்துவிடும்.

மனிதரைக் கேட்காமல் நேரே குரூப்பில் சேர்க்கும்படி ஃப்ளோவை அமைக்கலாம் என்ற யோசனை எங்கள் அலுவலகத்திலும் வந்தது. நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. குன்னூர் ஏலம் வாராவாரம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் எந்த லாட்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறோம், எதற்குக் கீழே போனால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பதெல்லாம் ஓர் அறிக்கையில் இருக்கிறது. அது வெளியே கசிந்தால் அந்த வார விலையே போச்சு. இலை எடை போடும் பிரிவில் இருப்பவருக்கு அது எதற்கு? கேட்பவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு அது தேவையா என்பதை அவரோடு வேலை செய்பவர்தான் சொல்ல முடியும். இன்னொன்று, அனுமதி கொடுக்கும்போது வியூவர் (பார்க்க மட்டும் செய்பவர்) பொறுப்புக்கு மேலே போகாதீர்கள். ஒரு ஃபேக்டரிக்காரர் அடுத்த ஃபேக்டரியின் கணக்கைப் பார்க்காமல் தடுக்கும் வரிசை நிலைப் பாதுகாப்பு வியூவருக்கு மட்டுமே வேலை செய்யும். அறிக்கைகள் இருக்கும் ஒர்க்ஸ்பேஸில் கான்ட்ரிபியூட்டர், மெம்பர், அட்மின் ஆக்கிவிட்டால் எல்லாருடைய கணக்கும் தெரியும்.

மனிதரிடம் விட்டால் தாமதமும் கூடவே வரும். ஜனவரியில் ஹெத்தை அம்மன் பண்டிகை வந்தால் படகர் ஊர்க்காரர்களான எங்கள் மேனேஜர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், அப்ரூவல்கள் அப்படியே தேங்கும். பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ 30 நாள்தான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் கோரிக்கை சத்தமில்லாமல் செத்துவிடும். அதனால் அப்ரூவலை மேனேஜர், அவருக்கு அடுத்தவர் என இருவருக்கும் அனுப்பி, முதலில் யார் பதில் சொன்னாலும் போதும் என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மூன்று நாளில் நினைவூட்டல் ஒன்றும் போகும்.

பராமரிப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. மெயிலின் உடலைப் பிரித்து முகவரி எடுப்பதுதான் இதில் பலவீனமான இடம். அந்த மெயிலின் வடிவம் மாறினால் ஸ்ப்ளிட் தவறான துண்டை எடுக்கும். எடுத்த துண்டில் '@' குறி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எனக்கு மெயில் போகும்படி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். பொதுக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் கனெக்‌ஷன்களைப் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டு, ஃப்ளோ தொடர்ந்து 14 நாள் தோற்றுக்கொண்டே இருந்தால் அது தானாக அணைக்கப்படும். பாஸ்வேர்டு மாற்றும் தேதியை எல்லாரும் பார்க்கும் காலண்டரில் போட்டுவிட்டோம். ஒரு வசதி என்னவென்றால், பர்லியார் பக்கம் மண் சரிந்து மலையில் கரண்டும் நெட்டும் போன நாள்களிலும் ஃப்ளோ கிளவுடில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கூடலூரிலிருந்து கேட்டவருக்குப் படிவம் போய்விடும், எங்கள் அலுவலகம் இருட்டில் இருந்தாலும்.

குரூப்பில் சேர்த்த உடனே அறிக்கை திறக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும், சிலர் சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வரவேண்டியிருக்கும். இரண்டாவது மெயிலில் அதையும் எழுதிவிட்டோம்.

செலவு என்று பார்த்தால் அவுட்லுக், ஃபார்ம்ஸ், அப்ரூவல்ஸ் எல்லாம் சாதாரண கனெக்டர்கள்தான் (ஃப்ளோவை மற்ற செயலிகளோடு இணைப்பவை). மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் திட்டத்தில் இருப்பவர்கள் தனியாகப் பணம் கட்டவேண்டியதில்லை. ஒரே ஃபேக்டரி, பத்துப் பதினைந்து பேர்தான் பார்ப்பார்கள் என்றால் இவ்வளவும் தேவையா என்பது சந்தேகம்தான். பவர் பிஐ-யில் செமாண்டிக் மாடலின் (அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் தரவுத் தொகுப்பு) அமைப்பிலேயே ரிக்வெஸ்ட் ஆக்ஸஸ் என்று ஒரு பகுதி உண்டு. மெயில் வருவதற்குப் பதிலாக, யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று நாமே அங்கு எழுதி வைக்கலாம். எங்கள் இருப்பு அறிக்கைக்கு அப்படித்தான் வைத்திருக்கிறோம், அதற்கு ஃப்ளோ எதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஆடிட்டருக்கு மட்டும் இன்னும் கையாலேயே அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் கையாலேயே எடுக்கிறேன்.