பழைய கணினிக்கு ஃபார்மட் மட்டும்தான் வழியா? விண்டோஸின் இரு பழுதுநீக்கும் கருவிகள்: ஒரு மதிப்பாய்வு

பத்தாண்டுக்கு மேல் உழைத்த ஒரு கணினியில் விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று, ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கே திரும்பினால், பெரும்பாலான சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் முதல் பதில் ‘ஃபார்மட் போட்டுவிடலாம்’ என்பதுதான். கடைக்காரருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. ஆனால் ஒரு டிடிபி நிலையத்தில் அந்தக் கணினியில் இருப்பவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: பாமினி எழுத்துருக்கள், அவற்றை நம்பி நிற்கும் பேஜ்மேக்கர் கோப்புகள், சிடி தொலைந்துபோன பிரிண்டரின் டிரைவர், ஆக்டிவேஷன் எண் யாரிடமும் இல்லாத கணக்கு மென்பொருள். இவற்றை மறுபடி நிறுவுவது பல வேளைகளில் இயலாத காரியம். எனவே ஃபார்மட்டுக்கு முன்னால் சிதைந்த சிஸ்டம் கோப்புகளைச் சீராக்க விண்டோஸுக்குள்ளேயே காசில்லாமல் கிடைக்கும் எஸ்எஃப்சி, டிஸ்ம் என்ற இரு கருவிகளையும் முறையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் பலம் எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

எஸ்எஃப்சி என்ற சிஸ்டம் ஃபைல் செக்கர் விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கிறது. இன்றைய வடிவில், நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தில் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகள் ஒவ்வொன்றையும் அது சரிபார்த்து, சிதைந்திருப்பவற்றுக்குப் பதிலாக வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற களஞ்சியக் கோப்புறையில் உள்ள நல்ல பிரதியை எடுத்து வைக்கிறது. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் உள்ள பிரதியே சிதைந்திருந்தால் எஸ்எஃப்சியால் எதுவும் செய்ய முடியாது. சிதைந்த கோப்புகள் கிடைத்தன, சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடும். விதைநெல்லே பூச்சி அரித்துக் கிடக்கும்போது வயலில் மறுநடவு செய்ய என்ன இருக்கிறது? அந்தக் களஞ்சியத்தையே சீராக்குவதற்கு உள்ளது டிஸ்ம். அதன் ‘ரிஸ்டோர்ஹெல்த்’ வசதி விண்டோஸ் 8 முதல் கிடைக்கிறது. விண்டோஸ் 7 கணினிகளில் அந்த வேலைக்குச் சிஸ்டம் அப்டேட் ரெடினஸ் டூல் என்ற தனிக் கருவியை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. இணையத்தில் பலர் எஸ்எஃப்சியை மட்டும் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்கிறார்கள். களஞ்சியம் சிதைந்த நிலையில் அதனால் நேரம் போவதைத் தவிர வேறு பயன் இல்லை. 80073712 என்று முடியும் பிழைக்குறியோடு அப்டேட் தோற்றுப்போனால், களஞ்சியம்தான் சிதைந்திருக்கிறது என்று தயங்காமல் முடிவுக்கு வரலாம்; அந்த நிலையில் டிஸ்மிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆனால் இவ்விரண்டுக்கும் முந்தைய ஒரு படி இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பழைய கணினியில் சிஸ்டம் கோப்புகள் தாமாகச் சிதைவதில்லை. திடீர் மின்வெட்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அறுந்துபோவது ஒரு காரணம். ஹார்ட் டிஸ்க்கின் தட்டில் படிக்க முடியாத பகுதிகள் தோன்றுவது இன்னொரு காரணம். ரேம் பழுது மூன்றாவது. இரண்டாவது காரணம் உண்மையாக இருந்தால், டிஸ்மை ஓட்டுவது தீங்காகவே முடியலாம், ஏனெனில் அது பல்லாயிரம் கோப்புகளைத் தொடர்ந்து படித்தும் எழுதியும் சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை மேலும் வருத்துகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், நிலுவையில் உள்ள செக்டர்கள் ஆகிய இரு வரிகளையும் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சள் நிற எச்சரிக்கை தெரிந்தால் வேறு எதையும் தொடாமல் தரவுகளைப் பேக்அப் எடுத்துவிட்டு, டிஸ்க்கை ஒரு எஸ்எஸ்டிக்கு நகலெடுத்த பிறகுதான் பழுதுநீக்கலைத் தொடங்க வேண்டும்.

டிஸ்மின் பெரிய குறை, அது தனக்கு வேண்டிய நல்ல கோப்புகளை இயல்பாக விண்டோஸ் அப்டேட் வழியாகவே தேடுவது. அப்டேட்டே பழுதாகிக் கிடக்கும் கணினியில் இது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. 800எஃப்081எஃப் என்று முடியும் பிழைக்குறி வந்தால் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது அதே பதிப்பு, அதே மொழி, அதே 32 அல்லது 64 பிட் வகையிலான ஐஎஸ்ஓவை, அதாவது விண்டோஸ் நிறுவல் வட்டின் நகல் கோப்பைத் திறந்து, அதன் சோர்சஸ் கோப்புறையில் உள்ள இன்ஸ்டால் கோப்பை மூலமாகக் கட்டளையில் காட்ட வேண்டும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் உருவாக்கும் ஐஎஸ்ஓவில் அந்தக் கோப்பு விம் வடிவில் இல்லாமல் இஎஸ்டி வடிவில் இருக்கும். கட்டளையிலும் அதற்கேற்ப மாற்றிக் குறிப்பிடாவிட்டால் மீண்டும் அதே பிழைதான் வரும். ஓட்டத்தின் நடுவே விழுக்காடு 62.3 என்ற இடத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்பது பலரும் கண்டது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது அரை மணி நேரத்தையும் தாண்டலாம். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை சாளரத்தை மூடக் கூடாது.

இரு கருவிகளுக்கும் நான் தாராளமாக மதிப்பெண் தர முடியாத இடம், அவை பயனருக்கு விவரம் சொல்லும் விதம். எந்தக் கோப்பு சிதைந்தது என்பதைத் திரையில் காட்டாமல், எஸ்எஃப்சி சிபிஎஸ் என்ற பதிவுக் கோப்பையும், டிஸ்ம் தன் பெயரிலேயே உள்ள பதிவுக் கோப்பையும் பார்க்கச் சொல்லி முடித்துக்கொள்கின்றன. சிபிஎஸ் பதிவோ ஆயிரக்கணக்கான வரிகள் கொண்டது. எஸ்எஃப்சியின் வரிகள் மட்டும் ‘எஸ்ஆர்’ என்ற குறியோடு வருவதால், அந்தக் குறியை வைத்து வடிகட்டி, ‘கெனாட் ரிப்பேர்’ என்ற சொற்கள் உள்ள வரிகளைத் தேடினால் கோப்பின் பெயர் கிடைக்கும். சில நேரங்களில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கவலை தீர்ந்துவிடுவதும் உண்டு. 2019 ஜூலையில், விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் பவர்ஷெல் கோப்புகளைச் சிதைந்தவை என்று எஸ்எஃப்சி தவறாகக் காட்டியது. கோப்புகளில் குறையில்லை என்று மைக்ரோசாஃப்ட் விளக்கி, பின்வந்த டிஃபெண்டர் பதிப்பில் அதைத் திருத்தியது.

சிஸ்டம் கோப்புகள் நலமாக இருந்தும் அப்டேட் தோற்பது தனிக் கதை. தேதி தவறியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், 80072எஃப்8எஃப் என்ற பிழை வரும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும். அரைகுறையாக இறங்கிய கோப்புகள் காரணமென்றால், அப்டேட், பின்னணியில் கோப்புகளை இறக்கும் பிட்ஸ் ஆகிய சேவைகளை நிறுத்தி, இறங்கிய கோப்புகள் சேரும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம். நிறுவிய அப்டேட்கள் எதுவும் போகாது, அப்டேட் வரலாற்றுப் பட்டியல் மட்டும் வெறுமையாகத் தெரியும். பழுதே இல்லாமல் தோற்ற அப்டேட்டும் உண்டு. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற அப்டேட், ரெகவரி பார்ட்டிஷன் என்ற மீட்புப் பகுதியில் 250 எம்பி இடம் இல்லாத கணினிகளில் எல்லாம் தோற்றது. அதற்கு எஸ்எஃப்சியும் டிஸ்மும் எவ்வகையிலும் உதவவில்லை.

இவை எல்லாம் முடிந்தும் பிழை நீடித்தால், ஃபார்மட்டுக்கு முன் இன்னும் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஎஸ்ஓவில் உள்ள செட்டப்பை இயக்கி, கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்ளும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், சிஸ்டம் கோப்புகள் மட்டும் முழுவதும் புதிதாகின்றன. மொழியோ, ஹோம், ப்ரோ போன்ற பதிப்பு வகையோ பொருந்தாவிட்டால் அந்த விருப்பம் மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்திலேயே வெளியேறிவிட வேண்டும். டிரைவில் 20 ஜிபிக்குக் குறையாமல் இடம் வேண்டும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிப்பது இதுதான்.

மொத்தத்தில், நல்ல டிஸ்க்கும் சரியான ஐஎஸ்ஓவும் கையில் உள்ளவருக்கு டிஸ்மை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்; எஸ்எஃப்சியை அதன் துணையாக மட்டுமே பரிந்துரைப்பேன். இப்போது இதில் காலக்கெடுவும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதில் சேர 22எச்2 பதிப்பு கட்டாயம். பழைய பதிப்பிலேயே அப்டேட் நின்றுபோன கணினி வைத்திருப்பவர்கள், 22எச்2 பதிப்பின் ஐஎஸ்ஓவைக் கொண்டே மேற்சொன்ன செட்டப் முறையைச் செய்தால், பழுதுநீக்கமும் பதிப்பு உயர்வும் ஒரே வேலையில் முடிந்துவிடும்.