டிரைசூட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மூன்று மாதச் சம்பளம் போச்சு. இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன்.

டிரைசூட் என்றால் தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை. நான் வாங்கியது டைவிங் சாமான்களை இணையத்தில் விற்கும் ஒரு கடையில். ‘உள்ளே தெர்மல் லைனிங் வைத்த டிரைலாமினேட் சூட், நியோப்ரீன் அளவுக்குக் கதகதப்பு’ என்று போட்டிருந்தார்கள். டிரைலாமினேட் என்பது மூன்று அடுக்கு ஒட்டிய மெல்லிய துணி, நியோப்ரீன் என்பது குமிழிகள் நிறைந்த நுரை ரப்பர். ஆறு டிகிரித் தண்ணீருக்கு உள்ளே என்ன போட வேண்டும் என்று கேட்டேன். “மெல்லிய பனியன் போதும் சார். நானே இதைப் போட்டுத்தான் இறங்குகிறேன்” என்று உடனே பதில். தானும் டைவ் அடிக்கிற மனுஷன் இந்த விஷயத்தில் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்? அன்றே முழுப் பணமும் கட்டினேன்.

இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே விரல்கள் மரத்துவிட்டன. சூட்டுக்குள் காற்று விடும் பொத்தானை அழுத்துவதற்கே உள்ளங்கையை வைத்து அமுக்க வேண்டியிருந்தது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். இது உயிர் விஷயம்.

கடையில் கேட்டால், கழுத்து ஸீல் (தண்ணீர் புகாமல் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) வழியாகத் தண்ணீர் புகுந்திருக்குமாம். பனியன் பொட்டு ஈரமில்லை! அப்புறம், எனக்குக் குளிர் தாங்காத உடம்பாம். கடைசியில், “நனைத்த சூட்டைத் திருப்பி எடுப்பதில்லை.” அதன்பின் பதிலே இல்லை.

சூட் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். தையல் ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். நைலான், நடுவில் கறுப்பாக பியூட்டைல் ரப்பர், மறுபடி நைலான். லைனிங் என்று ஒரு நூல்கூட இல்லை. டிரைலாமினேட் தண்ணீரைத்தான் தடுக்கும். உடம்பின் வெப்பத்தைக் காப்பது உள்ளுடையும் அதில் தேங்கும் காற்றும்தான். மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு மழைக்கோட்டு!

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. நியோப்ரீன் தன்னளவில் கதகதப்புத் தரும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள வாயுக் குமிழிகள் ஆழத்தில் நசுங்கும், கதகதப்பும் குறையும். 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு. கிரஷ்டு நியோப்ரீன் முன்கூட்டியே நசுக்கியது, ஆழத்தில் அவ்வளவாக மாறாது, ஆனால் கதகதப்பும் குறைவு, அதற்கும் நல்ல உள்ளுடை வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தாலே குளிரும். ‘உள்ளுடை தேவையில்லை’ என்று எவன் டிரைலாமினேட் விற்றாலும் பணம் கட்டாதீர்கள். உள்ளே என்ன அடுக்கு இருக்கிறது என்று தெரிய, துணியின் வெட்டு ஓரத்தின் படம் கேளுங்கள். அனுப்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.