ஜிப்சிக்கு 1600 சிசி: கலவை இன்ஜினா, முழு இன்ஜினா?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் 1298 சிசி மாருதி ஜிப்சி ஜீப் திணறுகிறது என்று வேலூர்ப் பக்கம் பலர் குழம்புகிறார்கள். பழைய மாருதி பலேனோ காரின் 1590 சிசி பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்) ஜிப்சி ஹெட்டை (அதன் மேல்பாகம்) ஏற்றிக் கலவை இன்ஜின் செய்வதா, பலேனோ இன்ஜினையே முழுதாக ஜிப்சியில் பொருத்துவதா?

செலவு: கலவை மலிவாகத் தொடங்கும், லேத் கூலி சேர்ந்தால் வித்தியாசம் கரைந்துவிடும்.

வேலை: போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ.யிலிருந்து 75 ஆகிறது, அவ்வளவுதான். ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் நகரும் தூரம்) 75.5இலிருந்து 90க்குத் தாவுகிறது. பலேனோ பிளாக் அதிக உயரம், அதனால் ஹெட்டின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டும் மாறும். ஹெட்டின் எரி அறை சின்னதாகவே இருந்தால் காம்ப்ரஷன் (பெட்ரோல் கலவை அழுத்தப்படும் அளவு) எகிறும், அப்புறம் சித்திரை வெயிலில் நாக்கிங்தான் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது). சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டு அறையை அளக்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

முழு இன்ஜினில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஆனால் பலேனோவில் அது குறுக்கே கிடப்பது, ஜிப்சியில் நீளவாக்கில் வைக்க மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடி) முதல் மாற்றவேண்டும்.

ஆர்டிஓ: இரண்டுக்குமே அனுமதி வேண்டும்.

தினம் ஓட்டுபவருக்கு முழு இன்ஜின். பட்டறையே பொழுதுபோக்கு என்றால், சரி, கலவை.